ஒன்பதாம் வருடத் தண்டு

மே 24, சனி

காலை ஒன்பது பாகை. வடமேற்குக் காற்று. முன்முற்றத்தில் இரண்டு மணித்தியாலம் களை பிடுங்கல். மருத்துவமனையில் கழித்துவிட்ட சாவணம் இதற்கு நல்லது. மெத்தைபோல் படரும் செடிகளுக்கு நடுவே முளைத்த புல்லை வேரோடு எடுக்கலாம். சத்திரசிகிச்சை ஆயுதங்களைக் கழுவிக் கிருமி நீக்கும் வேலையில் இருபத்தாறு வருடம். கிடைத்த பயன் இந்தச் சாவணம்.

லொங்கிஃபோலியாச் செடியின் நடுவில் பூந்தண்டு எழும்புகிறது. மூன்று நாளாகச் சந்தேகம். இன்று அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். பதினொரு செ.மீ. இனிச் சந்தேகம் இல்லை.

மறந்துபோகுமுன் எழுதி வைக்கிறேன். விதை: பாறைத்தோட்டக் கழகத்தின் விதைப் பரிமாற்றத்தில் வந்தது. பனிக்குள் சட்டியை வைத்து முளைக்கவிட்டது ஒன்பது வருடத்துக்கு முன். ஏழு முளைத்தன, ஒன்று மிஞ்சியது. இரண்டு சுண்ணாம்புக் கற்களுக்கு நடுவே வெடிப்பில் நட்டது. ஒரே ஒரு இலைவட்டம், இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு, ஒவ்வொரு இலை விளிம்பிலும் வெள்ளிப் பொடி. பக்கக் கன்று விடாது. ஒரு முறை பூக்கும். முழங்கை நீளத் தண்டில் நூற்றுக்கணக்கான வெள்ளைப் பூ. பிறகு விதை. பிறகு செடி செத்துவிடும்.

விதை எடுத்தால்தான் உண்டு.

மதாம் ழினேத் தொலைபேசினார். கழகத்தின் தலைவி, எழுபத்தெட்டு வயது, முன்னாள் மருந்தாளர். யூன் 14 தோட்டச் சுற்றுலாவில் என் முற்றமும் பட்டியலில். முதல் தடவை. பன்னிரண்டு வருடம் சந்தா கட்டியபின். இத்தனை காலமும் எங்கள் செயின்ட்-மிஷேல் பகுதி என்றால் யாருக்கும் வழி தெரியாது.

மே 27, செவ்வாய்

வெயில். 19. பூத்திருப்பவை:

ஜென்ஷியன் – பதினாறு, கடும் நீலம்
அல்பைன் டயந்தஸ் – தொடக்கம்
லெவிஷியா – ஒன்று ஒரேஞ்ச், ஒன்று அழுகல் (குளிர்கால ஈரம்)
சிலேனே – இந்த வருடமும் நான்கே பூ. மலையில் ஒரு மெத்தையில் நூறு பூக்குமாம். இங்கே நான்கு. என்னைப் போல.
பல்சட்டில்லா – முடிந்தது, விதைமுடி மட்டும்

தண்டு 16.

மாலை, கோயிலுக்குப் போகிற இரண்டு அம்மாக்கள் வேலி ஓரம் நின்றார்கள். நான் கற்களுக்குப் பின்னால் குந்தியிருந்தது தெரியவில்லை.

"இதென்ன, வீட்டுக்கு முன்னால கல்லுக் குவிச்சு வைச்சிருக்கினம்."

"வீடு கட்டினதில மிஞ்சினதாக்கும்."

"இங்கை பார், நடுவில ஒரு கோவா நட்டிருக்கு. கல்லுக்குள்ள கோவா."

"பாவம், படிச்ச மனிசனாம்."

எழுந்து நின்றேன். இருவரும் "சுகமே தம்பி" என்றார்கள். சுகம் என்றேன்.

கோவா என்றது லொங்கிஃபோலியாவை, முட்டைக்கோசாகத் தெரிந்திருக்கிறது. கற்களும் வீடு கட்டி மிஞ்சியவை அல்ல. தெருவைக் கிண்டிக் குழாய் மாற்றியபோது வந்த சுண்ணாம்புக்கல். இரண்டு கோடைகாலம், கடை வண்டிலில் வைத்துத் தள்ளிக் கொண்டுவந்தேன். கல் அடுக்குவதற்கு முறை உண்டு. எல்லாம் ஒரே பக்கம் சரிய வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும், நிலத்திலிருந்து தானாக எழுந்த பாறைபோல. மண்ணிலும் பாதி சரளை. எரு கூடாது. எரு போட்டால் கொழுத்து, முதல் பனிக்கே அழுகும். பட்டினியில்தான் இவை இறுக்கமாக வளரும்.

மே 30, வெள்ளி

மழை. தண்டு 21.

வேலையால் வர, தேத்தண்ணி மேசையில் தயாராக இருந்தது. வடையும். கலியாணமான நாளிலிருந்து இப்படித்தான், ரஜனி வடை சுட்டால் ஏதோ சொல்லப் போகிறாள்.

"அண்ணை ரெலிபோன் எடுத்தவர்."

எந்த அண்ணை என்று கேட்கவில்லை. எனக்கு ஒருவர்தான்.

"அவருக்கு பைபாஸாம். பதினேழாம் திகதி. அதுக்கு முதல் ஒருக்கா வந்து பாத்திட்டுப் போறன் எண்டார். அடுத்த ஞாயிறில்லை, அதுக்கு அடுத்த ஞாயிறு."

"நீ என்ன சொன்னனி?"

"வாங்கோ எண்டன். வேறை என்னத்தைச் சொல்லுறது? நீங்கள் கதைக்கத் தேவையில்லை. நான் சாப்பாடு குடுத்து அனுப்புறன்."

எட்டாம் திகதி ஞாயிறு. மேலதிக வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். காலை ஏழு முதல் மூன்று.

யூன் 1, ஞாயிறு

பதினொரு வருடம். எழுதாமலே வைத்திருந்தேன். எழுதாவிட்டாலும் போகவில்லை.

எனக்குக் குடல்வால் வெடித்து வயிறு முழுவதும் சீழ். மூன்று கிழமை மருத்துவமனையில், எட்டு நாள் கண் திறக்கவில்லை. அந்த நாட்களில் ஊரில் அம்மா போய்விட்டா. அண்ணர் ரொறன்ரோவிலிருந்து பறந்துபோனார். தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்குக் கடைசி மகன், கொள்ளி வைப்பது அப்படித்தான். நான் கடைசி. அண்ணர் வைத்தார். அது பரவாயில்லை, நான் எழும்ப முடியாமல் கிடந்தவன். ஆனால் கண் திறந்த பிறகும் சொல்லவில்லை. எட்டுச் செலவுச் சடங்கு முடிந்தும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தேன். "அம்மாவோடை கதைக்கவேணும்" என்று நான் கேட்டபோதெல்லாம், அங்கே லைன் சரியில்லை என்றார்கள். தையல் பிரியும், காய்ச்சல் திரும்பும், தாங்கமாட்டான் என்று. முடிவெடுத்தது அண்ணர்.

தெரிந்தது ஜோன்-தலோன் தெருத் தமிழ்க்கடை வரிசையில். கையில் கத்தரிக்காய்ப் பை. ஊர்க்காரர் ஒருவர் தோளைத் தொட்டு, "அம்மாவின்ரை விசயம் கேள்விப்பட்டன், நல்ல மனுசி" என்றார். ஓம் என்றேன். காசு கொடுத்தேன். மிச்சத்தை எண்ணி வாங்கினேன்.

இருபத்துமூன்று நாள் நான் ஒரு செத்த தாயை உயிரோடு வைத்திருந்தேன். அதில் நான்கு நாள் அவவுக்கு என்ன சேலை அனுப்பலாம் என்று ரஜனியோடு கதைத்திருக்கிறேன். அவளும் நிறம் சொன்னாள்.

ரஜனியை மன்னித்துவிட்டேன். அவளோடு ஒரே மேசையில் சாப்பிட வேண்டும், அதனால் இருக்கலாம். அண்ணரோடு அப்படி ஒரு அவசியம் வரவில்லை.

தண்டு 25. பக்கக் கிளைகள் அடியிலிருந்து. மொட்டு எண்ணத் தொடங்கி 140இல் விட்டேன்.

யூன் 5, வியாழன்

மேற்கே காட்டுத்தீ. புகை. சூரியன் செம்பு நிறம். மெட்ரோவில் பாதிப்பேர் முகக்கவசம்.

வேலையில் புதிய பொறுப்பாளர் எனக்கு ஃபோர்செப்ஸ் வகை பிரிப்பது எப்படி என்று விளக்கினார். வயது இருபத்தொன்பது. தலையாட்டினேன். முன்பு பதினான்கு மாதம் யாழ்ப்பாணத்தில் தாவரவியல் உதவி விரிவுரையாளராக இருந்தவன். பட்டம் இங்கே சமன் அல்ல என்று வந்த கடிதம் இன்னும் மேசை லாச்சியில். யாருக்குக் காட்ட?

தண்டு 33. தலை கொஞ்சம் வளைகிறது, அன்னத்தின் கழுத்து மாதிரி. அடிமொட்டுகளில் வெள்ளை தெரிகிறது. 11 அல்லது 12ஆம் திகதி திறக்கும். 14இல் பாதியாவது விரிந்திருக்கும். கணக்குச் சரி.

மேல்வீட்டு ஹெயிட்டிக்காரர், பஸ் சாரதி, படியில் நின்று பார்த்தார். இது பூத்தபின் செத்துவிடும் என்றேன். இன்னும் இரண்டு படி இறங்கி வந்தார். பிறகு, "அப்படியென்றால் நான் லீவு போட்டுப் பார்க்க வேண்டும்" என்றார். இந்தத் தெருவில் ஒருவருக்காவது விளங்கியது.

யூன் 8, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி.

மூன்றரைக்கு வந்தேன். போயிருப்பார் என்று நினைத்தேன். போகவில்லை. முன்படியில் அமர்ந்திருந்தார், என் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு. மெலிந்துவிட்டார். காலர் கழுத்தில் நிற்கவில்லை. கையில் மண்.

"வா தம்பி. களைச்சுப் போனாய்."

வேலைப் பையைத் தோளிலிருந்து இறக்கினேன்.

"நீ கதைக்காட்டிலும் பரவாயில்லை. நான் வந்தது உன்னைப் பாக்க. பாத்திட்டன்." பிறகு முற்றத்தைக் காட்டி, "என்னடாப்பா, இவ்வளவு கல்லு. ஒரு கூடை நல்ல மண் இல்லை. அதுக்குள்ளையும் அந்தக் கோவா மாதிரி ஒண்டு வைச்சிருக்கிறாய், அது மட்டும்தான் உருப்படி. ஆனா கவனிக்காமல் விட்டிட்டாய். விதைக்குப் போகுது. தண்டு எழும்பினா இலைச்செடி முடிஞ்சுது எல்லே. நல்ல காலம், நான் கண்டன். அடியோட முறிச்சுவிட்டன். இனித் தழைக்கும்."

பார்த்தேன்.

கீரைப் பாத்தியில் செய்வதுபோல. தண்டு எழும்பிய முளைக்கீரையை, கோவாவை அப்பா எப்படிக் கிள்ளுவாரோ அப்படி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் வைத்து ஒரு திருகு. சுத்தமான முறிவு. இலை ஒன்றும் சேதமில்லை. கை பழகின வேலை.

நான் வீட்டுக்குள் போனேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வெளியே அவர் ரஜனியிடம் சொல்வது கேட்டது. "அவனுக்குக் கோபம் இன்னும் போகேல்லை. பரவாயில்லை பிள்ளை. ஏதோ என்னால ஏலுமானதைச் செய்துபோட்டுப் போறன்."

நாலேகாலுக்கு மச்சாளின், அண்ணர் மனைவியின், தம்பி காரில் வந்து ஏற்றிக்கொண்டு போனான். கதவை மூடும் சத்தம் கேட்டபின் வெளியே வந்தேன்.

தண்டு மண்ணிறக் குப்பைத் தொட்டிக்குள், மீன் தலைக்கும் வெங்காயத் தோலுக்கும் மேலே. 39 செ.மீ. எடுத்துக் கழுவினேன். ஊறுகாய்ப் போத்தலில் தண்ணீர் விட்டு வைத்தேன்.

ரஜனி சமையலறை வாசலில். அவளுக்குத் தெரியும், ஒன்பது வருடம் என்னோடு பனியில் சட்டி தூக்கியவள். "நான் உள்ளுக்குப் புட்டு அவிச்சுக்கொண்டு நிண்டன்" என்றாள். "கண்டிருந்தா விட்டிருக்கமாட்டன்."

யூன் 9, திங்கள்

விடுமுறை. 24 பாகை. புகை குறைவு.

அண்ணருக்கு ஒரு கடிதம். மூன்று தடவை எழுதினேன். மூன்றாவது நன்றாக வந்தது. நீங்கள் முறித்தது இன்னது, அது இத்தனை வருடம், இனி விதை கிடையாது, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு பக்கம். கோபச் சொல் ஒன்றுகூட இல்லை. அதுதான் அதன் பலம். பதினொரு வருடத்தில் இவ்வளவு நல்ல வசனம் எழுதியதில்லை.

ரஜனிக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டாள். உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டே.

"அனுப்புங்கோ. எல்லாம் உண்மைதான்."

"அப்ப சரி."

"ஆனா இப்ப வேண்டாம். ஒப்பரேசன் முடியட்டும். அந்த மனுசன் இப்ப தாங்கமாட்டார்."

அவள் கையில் கத்தி நின்றது.

"இதே வசனம்தான் அப்பவும் சொன்னனி" என்றேன். "என்னைப் பற்றி."

"ஓம். இதே வசனம்தான்." திரும்பவும் சீவத் தொடங்கினாள். "அப்பவும் எனக்கு வேறை வசனம் தெரியேல்லை."

கடிதத்தை உறையில் போட்டேன். முத்திரை ஒட்டினேன். மேசையில் இருக்கிறது.

யூன் 11, புதன்

வேலைக்குப் போகுமுன் மதாம் ழினேத்துக்குத் தொலைபேசி. என் முற்றத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். காரணம் சொன்னேன். முறிவு எந்த உயரத்தில் என்றார். பிறகு, காயத்துக்கு என்ன பூசினீர்கள் என்று கேட்டார். கரித்தூள் என்றேன். நல்லது, மேலே தண்ணீர் படாமல் பாருங்கள், நாங்கள் வருகிறோம்.

செடி இனி என்ன ஆகும் என்றேன்.

சிலது அழுகும், என்றார். சிலது பல வருடம் அப்படியே இருக்கும். ஒருவரின் தோட்டத்தில் அடியில் பக்கக் கன்று விட்டதாகக் கேள்வி, நான் பார்த்ததில்லை. பூத்திருந்தால் ஓகஸ்டில் நிச்சயமாகச் செத்திருக்கும், அதுமட்டும் தெரியும்.

இதைத்தான் நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன், தட்டுத் தட்டாக ஆயுதம் அடுக்கியபடி. அண்ணர் சொன்னது பிழை இல்லை. தண்டு எழும்பினால் செடி முடிந்தது. என் பட்டப்படிப்பும் அதையே சொல்கிறது. அவர் அதன் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார். அது எதற்காக உயிரோடு இருந்ததோ அதை முறித்து.

என் தையலும் பிரியவில்லை. காய்ச்சல் திரும்பவில்லை. பதினொரு வருடம் உயிரோடுதான் இருக்கிறேன்.

சொன்னால் நான் செத்திருப்பேனா? தெரியாது. அவருக்கும் தெரியாது. சொல்லியிருக்க வேண்டும் என்றே இன்னமும் நினைக்கிறேன்.

கடிதம் மேசையில். ரஜனி தூசி தட்டும்போது தூக்கி, தட்டி, அதே இடத்தில் வைக்கிறாள்.

யூன் 14, சனி

22, வெயில், இலேசான காற்று. இதைவிட நல்ல நாள் வராது.

பதினொரு பேர். பெரும்பாலும் எழுபதுக்கு மேல். தொப்பி, முழங்கால் மெத்தை, பூதக்கண்ணாடி. குனிந்து, சிலர் படுத்தே பார்த்தார்கள். தெருவில் போனவர்கள் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நின்றார்கள். மேல்வீட்டுக்காரர் சொன்னபடி லீவு போட்டிருந்தார்.

ஜென்ஷியன் முடிந்துவிட்டது, டயந்தஸ் உச்சம். கல் அடுக்கிய விதத்தை ஒருவர் படம் எடுத்தார். எந்த மலையிலிருந்து கொண்டுவந்தீர்கள் என்றார். தெருக் குழாய்ப் பள்ளத்திலிருந்து என்றேன். நல்ல மலை என்றார்.

ஊறுகாய்ப் போத்தலைப் படியில் வைத்திருந்தேன். போத்தலுக்குள்ளேயே அடிமொட்டுகள் விரிந்துவிட்டன. இருபத்திரண்டு பூ. ஐந்து இதழ், வெள்ளை, உள்ளே நுண்ணிய சிவப்புப் புள்ளி. புள்ளி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொருவராகக் குந்தி, கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். யாரும் அவசரப்படவில்லை.

"யார் முறித்தது?" தொப்பிபோட்ட கிழவர்.

"என் அண்ணன்."

சிரிப்பு. எல்லோரும். ஒருவரின் மருமகன் புல்வெட்டியால் ஆறு வருட டப்னேச் செடியை வெட்டியிருக்கிறான். ஒரு அம்மாவின் கணவர் எடெல்வைஸுக்குக் கோழி எருப் போட்டாராம், பிறந்தநாள் பரிசாக. மதாம் ழினேத் மட்டும் சிரிக்கவில்லை. "உங்கள் அண்ணனுக்குத் தெரியுமா?" என்றார்.

இல்லை என்றேன்.

"ம்" என்றார். மீண்டும் பூதக்கண்ணாடியைப் பூவில் வைத்தார்.

ரஜனி எல்லோருக்கும் வடை கொடுத்தாள். மிச்சமில்லை.

யூன் 16, திங்கள்

31. புழுக்கம். போத்தல் பூக்கள் வாடத் தொடங்கிவிட்டன. தூரிகையால் மகரந்தம் தொட்டுவிட்டுப் பார்த்தேன். வெட்டிய தண்டில் விதை முற்றாது, தெரியும். ஆனாலும்.

செடி: காயம் காய்ந்திருக்கிறது. இலை இறுக்கம். அடியில் கன்று எதுவும் இல்லை, தேடினேன்.

நாளைக் காலை அண்ணருக்குச் சத்திரசிகிச்சை. மாலை ஏழு மணிக்கு ரஜனி அவர் வீட்டு இலக்கத்தை அழுத்தி, ஒலிக்கும்போதே தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு உடுப்புக் காயப்போடப் போனாள். காயப்போட உடுப்பு ஒன்றும் இருக்கவில்லை.

மச்சாள் எடுத்தா. என் குரல் கேட்டு, பொறுங்கோ என்றா. பிறகு கொடுத்தா.

"ஆர், தம்பியே?"

"ஓம்."

"நாளைக்கு எட்டு மணிக்குக் கொண்டுபோறாங்களாம். நெஞ்சைப் பிளந்து, காலில இருந்து நரம்பெடுத்துத் தைக்கிறதாம். சும்மா சின்ன விசயம் எண்டு டொக்டர் சொல்லுறார். அவருக்குச் சின்ன விசயம்."

"ஓம்."

மூச்சு வாங்கினார். படுத்திருக்கிறார்போல.

"அந்தக் கோவா என்ன மாதிரி?"

கடிதம் கைக்கெட்டும் தூரத்தில். வாசித்தால் இரண்டு நிமிடம். எல்லாம் உண்மை.

"தழைக்குதோ?"

"தழைக்குது அண்ணை."

"பாத்தியே. நான் முறிச்சிராட்டில் இப்பச் செத்திருக்கும். உன்னட்டைப் படிப்பு இருக்கு, ஆனா கைராசி இல்லை. சின்னனில இருந்தே அப்பிடித்தான். அம்மாவும் சொல்லுறவ."

"ஓம் அண்ணை."

"அந்தச் சரளையையும் ஒருக்காக் கிளறி அள்ளவேணும். எழும்பி நடக்கத் தொடங்கினாப் பிறகு வாறன். வரேக்கை ஆட்டெரு ரெண்டு மூட்டை கொண்டுவந்து நானே போட்டுவிடுறன்."

கொண்டுவாங்கோ என்றேன்.